ஒரு வார்த்தையை அடித்துவிட்டுப் போட்ட கையெழுத்து

பையனை வெளிநாட்டுக்குக் கூட்டிவர அவன் அப்பாவிடம் சம்மதம் வாங்கிய இந்தக் கதையை எழுதட்டுமா என்று அவனிடம்தான் முதலில் கேட்டேன். அவனுக்கு இப்போது 16 வயது. "எழுதுங்க அங்கிள். ஆனா என் பேரு வேண்டாம், எங்கிருந்து எங்க வந்தோம்னு வேண்டாம், அப்பாவைக் கெட்டவரா காட்ட வேண்டாம்" என்றான். மூன்றும் நியாயமான நிபந்தனைகள். அதனால் ஊர்ப் பெயர் எதுவும் இதில் வராது. நாடுகளின் பெயர்கள் வரும், சட்டம் பேசும்போது மட்டும். அதை வைத்து நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று யாரும் துப்பறிய வேண்டாம்.

அவன் என் மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை. எங்கள் திருமணத்தின்போது அவனுக்கு 9 வயது. அவனுடைய அப்பா நல்லபடியாக, பேருந்தில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வந்து கூட்டிப்போவார், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவார். வாசலில் என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்பார். நானும் "வணக்கம் சார்" என்பேன். இரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

அப்புறம் எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேறும் வாய்ப்பு. விவாகரத்துத் தீர்ப்பில் "மகன் தாயின் பொறுப்பில் இருப்பான்" என்று ஒரு வரி இருந்ததால், பையன் விஷயத்தில் சிக்கல் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். வக்கீலம்மா தீர்ப்பை இரண்டு தடவை புரட்டினார். "பொறுப்பு அம்மாவுக்கு, சரி. நாட்டை விட்டுக் கூட்டிப்போகலாம்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நாங்களும் வழுக்கினோம். பிள்ளை யார் வீட்டில் தூங்கி எழுகிறது என்பது ஒரு கேள்வி. அது எந்த நாட்டில் வாழ வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது வேறு கேள்வி. கஸ்டடி கையில் இருந்தால் இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். பல நாடுகளில் அப்படி வருவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பிள்ளை தன்னோடு வாழ வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு பெற்ற தாயோ தந்தையோகூட, மற்றவரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை நாட்டை விட்டு ஒரு மாதத்துக்கும் குறைவாகத்தான் கூட்டிப்போக முடியும். 1989-ஆம் ஆண்டுச் சட்டம் அது. விடுமுறைக்கே இப்படி என்றால் குடியேறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வக்கீலம்மா எங்களுக்கு ஒரு வழக்கைச் சொன்னார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்த அபட் வழக்கு. சிலி நாட்டில் பிரிந்து வாழ்ந்த தம்பதி. பையன் தாயிடம், தகப்பனுக்குப் பார்க்கும் உரிமை மட்டும். தாய் பையனைக் கூட்டிக்கொண்டு டெக்சாஸுக்குப் போய்விட்டார். ஆனால் சிலி நாட்டுச் சட்டப்படி, பார்க்கும் உரிமை உள்ள தகப்பனைக் கேட்காமல் பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த "கேட்காமல் போகக் கூடாது" என்பதே, நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஹேக் ஒப்பந்தத்தின்படி ஒரு வகைக் கஸ்டடி உரிமைதான் என்று நீதிமன்றம் சொன்னது. மாதம் இரண்டு சனிக்கிழமை என்று நான் அலட்சியமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த மனிதர், அந்த மத்தியானம் என் மனதில் வேறு உயரத்துக்குப் போய்விட்டார்.

ஹேக் ஒப்பந்தம் 1980-இல் உருவானது. அதன் பெயரிலேயே பிள்ளைக் கடத்தல் என்ற சொல் இருக்கிறது. கடத்தல் என்றதும் வேனும் முகமூடியும்தான் நமக்குத் தோன்றும். அந்த ஒப்பந்தத்தில், பெற்ற தாயோ தகப்பனோ மற்றவரின் உரிமையை மீறிக் கூட்டிப்போவதும் அதுதான். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தும். கூட்டிப்போய் ஒரு வருடத்துக்குள் வழக்கு வந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இலங்கையும் சிங்கப்பூரும் இதில் சேர்ந்திருக்கின்றன, இந்தியாவும் மலேசியாவும் சேரவில்லை. சேராத நாட்டிலிருந்து போனால் கவலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசா கொடுக்கும் நாடு சம்மதக் கடிதத்தைக் கேட்கத்தான் செய்யும். உள்ளூர் நீதிமன்றமும் எங்கேயும் போய்விடவில்லை.

அந்த மாதங்களில் நான் படித்த படிவங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஆபீஸில் என்னை அரை வக்கீல் என்று கிண்டல் செய்வார்கள். கனடா, கூட வராத பெற்றோரிடமிருந்து ஐ.எம்.எம் 5604 என்ற உறுதிமொழியைக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு 1229 என்ற படிவம். அந்த நாட்டு விதியில் எனக்குப் பிடித்த ஒரு சொற்றொடர் உண்டு: பிள்ளை எங்கே வாழ வேண்டும் என்று சட்டப்படி தீர்மானிக்கக்கூடிய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும் என்கிறது. பெற்றவரா வளர்ப்பவரா என்ற பேச்சே இல்லை, தீர்மானிக்கக்கூடியவர் யார் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் கவலை வேறு: மாற்றாந்தந்தை, பிள்ளை என்ற உறவு குடியேற்றச் சட்டத்தில் செல்ல வேண்டுமானால், திருமண நாளில் பிள்ளைக்கு 18 வயது முடிந்திருக்கக் கூடாது. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் மனைவிக்கு, குடும்பத்தாரை அழைக்கும் ஐ-130 மனுப் போட்டால் மனைவியின் பிள்ளை அதோடு ஒட்டிக்கொண்டு வர முடியாது, அதற்குத் தனி ஐ-130 போட வேண்டும். இது தெரியாமல் மனைவிக்கு மட்டும் போட்டுவிட்டு, நேர்காணல் சமயத்தில் தலையில் கை வைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பிரிட்டனின் விதியைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த நாட்டுக் குடியேற்ற விதிகளில் "பெற்றோர்" என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. மாற்றாந்தந்தையும் அதில் வருகிறார், ஆனால் பிள்ளையின் தந்தை இறந்திருந்தால் மட்டும். எழுதியவர் மனதில் எந்த விஷமும் இருந்திருக்காது. ஆனாலும் என்னை மாதிரி ஆள் அதைப் படிக்கும்போது, யாரோ நம் தோளைத் தொட்டு "இந்த நாற்காலி காலியானால்தான் உனக்கு" என்று சொல்வதுபோல் இருக்கிறது. இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம் இன்னும் சுருக்கமாக முடித்துவிடுகிறது: இயற்கைக் காப்பாளர் பற்றிய 6-ஆம் பிரிவில் வரும் "தந்தை", "தாய்" என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள். பள்ளிக் கட்டணம் நான் கட்டினேன், காய்ச்சலில் இரவு முழுக்க நான் விழித்தேன். கோப்பில் என் கையெழுத்துக்கு இடம் இருந்தது பணத்துக்குப் பொறுப்பு ஏற்கும் தாளில் மட்டும்.

இந்தப் பொருமலோடு இருந்த நேரத்தில் ஒரு விசா ஆலோசகர் வந்து சேர்ந்தார். "தந்தை இருக்கும் இடம் தெரியவில்லைன்னு ஒரு அஃபிடவிட் போட்டுடலாம் சார். யாரு போய்ப் பார்க்கப்போறா?" இரண்டு நாள் அதை மனதில் போட்டு உருட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை, அமெரிக்காவில் விலக்கு கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்கக் கதவு மூடியிருக்கும். ஆனால் என்னைத் தடுத்தது அந்தப் பயம் இல்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் கோபப்படக்கூட இல்லை, சிரித்தாள். "நாளைக்கு ரெண்டாவது சனிக்கிழமை. பத்து மணிக்கு வாசல்ல வந்து நிப்பார். அவர்கிட்டயே கேளுங்க, எங்க இருக்கீங்கன்னு."

கேட்டோம், வேறு விதமாக. அவள்தான் பேசினாள். நான் அறைக்குள் இருந்தேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பையனைக் கொண்டுவந்து விடும்போது என்னிடம், "சார், காகிதத்தை எழுதிக் கொண்டாங்க, படிச்சுப் பார்க்கிறேன்" என்றார்.

அந்தக் காகிதத்தை எழுதியது நான். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துத் தமிழாக்கி, அங்கங்கே பெயரை மாற்றி, அச்செடுத்துக்கொண்டு போனேன். நோட்டரி அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் சுண்டுவிரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. "மேற்படி மகன் மீதான அனைத்து உரிமைகளையும் விட்டுக்கொடுத்து, அவன் நிரந்தரமாகக் குடியேற முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." பேனா கேட்டார். என் பேனாவைக் கொடுத்தேன். "விட்டுக்கொடுத்து" வரைக்கும் இருந்த பகுதியின்மேல் நேராக ஒரு கோடு. ஸ்கேல் வைத்த மாதிரி.

"அவன் போறதுக்குச் சம்மதம் சார். இது எதுக்கு?"

எனக்குப் பதில் இல்லை. வக்கீலம்மாவுக்கு ஃபோன் போட்டால், "அந்த வரியை யாரு போடச் சொன்னா? அது தத்துக் கொடுக்கிற சமாச்சாரம். குடியேற்றத்துக்கு அது தேவையே இல்லையே" என்றார். தந்தை தன் உரிமையைத் துறக்க வேண்டும் என்று நாங்கள் பார்த்த எந்தக் குடியேற்றப் படிவமும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம், இந்தப் பிள்ளை இந்த நாட்டுக்கு, இன்னாரோடு, நிரந்தரமாகப் போவது எனக்குத் தெரியும், சம்மதம் என்பதுதான். அதில் "நிரந்தரமாக" என்பது முக்கியம். சுற்றுலாவுக்கு எழுதும் பயணச் சம்மதக் கடிதத்தைக் குடியேற்றத்துக்கு வைத்தால் திருப்பிவிடுவார்கள்.

அதே காகிதத்தில் என்னைக் குறித்து "வளர்ப்புத் தந்தை" என்று எழுதியிருந்தேன். அந்த இடத்திலும் அவர் விரல் கொஞ்சம் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சொல்லை அடிக்கவில்லை, விரல் நகர்ந்துவிட்டது.

புதிதாக அச்செடுத்து வந்து கையெழுத்துப் போட்டால், நோட்டரி ஒத்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டையில் அவர் கையெழுத்து ஆங்கிலத்தில், கடிதத்தில் தமிழில். மறுபடியும் ஒரு பிரதி. மூன்றாவது அச்சுக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை.

கடிதம் மட்டும் போதுமா என்றால், எங்கள் வக்கீலம்மா போதாது என்றார். கடிதத்தை எழுதியவர் மனம் மாறினால், பிள்ளை கிளம்பும்வரை அதைத் திரும்பப் பெறலாம். அதனால் விவாகரத்துத் தீர்ப்புக் கொடுத்த அதே நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, பழைய உத்தரவைத் திருத்தி வாங்கினோம். அதில் வாரம் ஒருநாள் வீடியோவில் பேச்சு, வருடத்துக்கு ஒரு நீண்ட விடுமுறை அப்பாவோடு, டிக்கெட் எங்கள் செலவு, மதிப்பெண் பட்டியல் அவருக்கும் போக வேண்டும், பையனின் பெயரை மாற்றக் கூடாது என்று இருந்தது. கடைசி நிபந்தனையை அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அந்த யோசனை எனக்கு வந்திருந்தது. பாஸ்போர்ட்டுகளில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர் என்று எல்லைச் சோதனையில் எத்தனை தடவை விளக்குவது? இன்றுவரை விளக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். உத்தரவின் சான்றளித்த நகல் என் பையிலேயே இருக்கும்.

நீதிபதி பையனைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். வெளியே நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் என் மனைவியின் கைப்பை. வந்தவனிடம் என்ன கேட்டாங்க என்றால், "நாய்க்குட்டி வளர்க்கிறியான்னு கேட்டாங்க" என்றான். வேறு என்ன கேட்டார்கள் என்று இதுவரை சொல்லவில்லை.

ஆவணங்கள் வெளிநாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்டில் முத்திரையை வாங்கும்போது எனக்கு இருந்த ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த முத்திரை விழுந்தால் உள்ளே எழுதியிருப்பது எல்லாம் உண்மை என்று அரசாங்கமே சொன்னதாக நினைத்தேன். 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிறந்த அந்த முத்திரை, தாளில் உள்ள அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் அசல் என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே நான் உளறி வைத்திருந்தால் உளறல் உளறலாகவே கடல் தாண்டும். தாண்டியது.

மொழிபெயர்ப்பாளர் "வளர்ப்புத் தந்தை"யை ஆங்கிலத்தில் தத்தெடுத்த தந்தை என்று மாற்றியிருந்தார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. தமிழில் அந்தச் சொல் தத்தெடுத்தவரையும் குறிக்கும், எடுத்து வளர்த்தவரையும் குறிக்கும், என்னையும் குறிக்கும். "மாற்றாந்தந்தை" என்ற நேரான சொல் இருக்க, அது காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்று நான்தான் அழகுபடுத்தப் போனேன். இரண்டு மாதம் கழித்துக் கேள்வி வந்தது: தத்தெடுப்பு உத்தரவின் நகலை இணைக்கவும். விளக்கக் கடிதம், புது மொழிபெயர்ப்பு, கூடவே புதுச் சம்மதக் கடிதம். மறுபடி அவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. ஃபோனில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "வளர்ப்புன்னு இருந்தா என்ன சார், நீங்கதானே வளர்க்கப்போறீங்க" என்றார். அப்புறம் அவரே, "சரி, வேணும்ங்கிற மாதிரி எழுதிக் கொண்டாங்க" என்றார். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுததை எழுதலாம் என்று பையன் அனுமதி கொடுத்திருக்கிறான்.

இதையெல்லாம் சொன்னால், எங்களுக்கு அப்படி ஒரு மனிதர் வாய்க்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். சரிதான். அடித்து உதைத்த கணவனிடமிருந்து ஓடி வந்த பெண்ணுக்கு என் கதை உதவாது. அவர் நேரில் போய்ச் சம்மதம் கேட்கவே கூடாது, வக்கீல் வழியாக நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். திருப்பி அனுப்பினால் பிள்ளைக்குக் கடும் ஆபத்து என்றால் அனுப்ப மறுக்க ஹேக் ஒப்பந்தத்திலேயே 13-ஆம் விதியில் இடம் இருக்கிறது. உண்மையிலேயே காணாமல் போன தகப்பன் என்றால், தேடியதற்கான தடயம் வேண்டும்: கடைசி முகவரிக்குப் போட்ட பதிவுத் தபால் திரும்பி வந்த உறை, உறவினரிடம் விசாரித்த விவரம், நீதிமன்றம் சொன்னால் நாளிதழில் அறிவிப்பு. திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், அதோடு முடிந்தது.

இன்னொன்று, இது அவசரத்தில் பலர் செய்வது. தகப்பன் சம்மதிக்கவில்லை, பிள்ளை இப்போதைக்குப் பாட்டியிடம் இருக்கட்டும் என்று விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரையே விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். கனடா போன்ற நாட்டில், கூட வராத பிள்ளையையும் காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். அன்றைக்கு மறைத்த பிள்ளையைப் பிற்பாடு குடும்பமாக அழைக்கும் வழியே அடைபட்டுப் போகலாம்.

வந்து சேர்ந்த பிறகும் என் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. வந்த முதல் வருடம் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மனைவி வேலை விஷயமாக வெளியூரில். மருத்துவமனை வரவேற்பில் "பெற்றோர் அல்லது காப்பாளர்" என்று இருந்த கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு நான் நின்றேன். பையன் மற்றொரு கையால் தாளைத் தன் பக்கம் இழுத்து, "அம்மாவுக்கு வீடியோ கால் போடுங்க அங்கிள்" என்றான். அடுத்த வாரமே சிகிச்சைக்கும் பள்ளிக்கும் என்னை அதிகாரப்படுத்தி மனைவி எழுதிக்கொடுத்த கடிதத்தை வாங்கி வைத்தேன். சில நாடுகளில் மாற்றாந்தந்தைக்கு இதைவிடப் பலமான வழி உண்டு. இங்கிலாந்தில் பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அவருக்கும் பெற்றோர் பொறுப்பு, அதாவது பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்டப்படியான உரிமை, கிடைக்கும், பெற்றவரின் உரிமை போகாமலே. அப்படி ஒரு ஏற்பாடு இருப்பது தெரிந்தபோது பிரிட்டன் மேல் இருந்த என் கோபம் பாதி குறைந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் பையனின் பாஸ்போர்ட் காலாவதி ஆனது. மைனர் என்பதால் மறுபடியும் பெற்றவர்கள் இருவரின் கையெழுத்து. படிவத்தைக் கூரியரில் அவருக்கு அனுப்பினோம். ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது, நோட்டரி பெஞ்சில் பார்த்த அதே நிதானமான கையெழுத்தில்: "சார், இந்தத் தடவை இங்கிலீஷ்லயே போட்டிருக்கேன். சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க."